வெளியே மைனஸ் 30. எக்ஸ்கவேட்டர் நின்றுவிட்டது, நாளை காலை ஷிப்ட்

புதியவன்:
அண்ணன்மாரே, இங்கே வேலையில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இன்று காலை வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டே நிமிடத்தில் அணைந்துவிட்டது. அப்புறம் எத்தனை முறை சாவியைத் திருப்பியும் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். நாளை ஆறு மணிக்கு மறுபடி ஷிப்ட். இன்ஜினைப் பிடிக்க வைக்கும் ஈதர் ஸ்பிரே அடிக்கலாமா? தூக்கமே வரவில்லை.

கிரேடர்காரன்:
தம்பி, முதலில் உடம்பைப் பாருங்கள். காட்டன் பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அதுவே ஆளை விறைக்க வைக்கும். உள்ளே கம்பளி போடுங்கள். என் முதல் குளிர்காலத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு டீசல் நிரப்பினேன். கொஞ்சம் கையில் வழிந்தது. தண்ணீர் உறைகிற குளிரிலும் டீசல் ஓடும், ஆனால் அந்தக் குளிர் முழுவதும் அதில் இருக்கும். இரண்டு விரல் நுனியும் மெழுகு மாதிரி வெளுத்துவிட்டன. குளிர்காலம் முடியும்வரை சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

பழைய கை:
ஈதர் ஒரு சொட்டு போதும். நான் பல வருடமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

லோடர் அக்கா:
தயவுசெய்து அடிக்காதீர்கள். ஸ்டார்ட் ஆவதற்காகச் சூடேற்றும் க்ளோ பிளக்கோ, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் இன்டேக் ஹீட்டரோ இருக்கிற இன்ஜினில் ஈதர் உள்ளேயே வெடிக்கலாம். அவருக்கு ஆகவில்லை என்பதற்காகத் தம்பி கையை வைக்க வேண்டாம்.

கிரேடர்காரன்:
எல்லாம் சரி அக்கா, சூடேற்ற நேரம் தருகிறார்களா? அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளத்தில் பிடித்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

பழைய கை:
அதேதான். வண்டி உடைந்தால் மட்டும் பழி ஆபரேட்டர் தலையில்.

லோடர் அக்கா:
அதைத் தனியாகப் பேசுவோம், தம்பிக்கு விடிந்தால் ஷிப்ட். ராத்திரி இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் கரண்டில் செருகியிருந்ததா? டேங்கில் இருப்பது குளிர்கால டீசலா?

புதியவன்:
முன்பக்கம் தொங்கும் வயரா அக்கா? அது எதற்கென்றே தெரியாது, செருகவில்லை. டீசல் கோடையில் நிரப்பியது என்றார்கள்.

லோடர் அக்கா:
அங்கேதான் பிரச்சினை. பிடித்துவிட்டு அணைந்தால் பெரும்பாலும் டீசல்தான். குளிரில் அதிலிருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். பிளாக் ஹீட்டர் இன்ஜினைத்தான் சூடாக்கும், டேங்கை அல்ல. அதனால் வயரை இப்போதே செருகச் சொல்லுங்கள், புது ஃபில்டரும் குளிர்கால டீசலும் வேண்டும் என்று சூப்பர்வைசருக்கு எழுதி அனுப்புங்கள். வண்டியைக் கூடாரம் போட்டு ஹீட்டர் வைத்துச் சூடேற்றுவது மெக்கானிக் வேலை. தீப்பந்தம் கிட்டவே போகக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் பக்கெட்டை மண்ணில் வைக்காதீர்கள். ஹைட்ராலிக் ஆயில் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். சுமை இல்லாமல் வண்டியின் கையை, அதாவது பூமையும் ஸ்டிக்கையும், மெதுவாக நீட்டி மடக்குங்கள், இழுவை குறைந்து அசைவு சீரானதும் தோண்டுங்கள். உறைந்த மண்ணைப் பக்கெட்டால் குத்த வேண்டாம், இந்தக் குளிரில் இரும்பு எளிதில் விரிசல் விடும். ஏறும்போது படியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் டிராக்கில், அதாவது வண்டி ஓடும் சங்கிலிப் பட்டையில், ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிட்டுப் பலகை மேல் நிறுத்துங்கள், இல்லையென்றால் காலையில் தரையோடு உறைந்து கிடக்கும்.

புதியவன்:
மெசேஜ் போட்டுவிட்டேன் அக்கா. வாட்ச்மேன் வயரைச் செருகிவிட்டாராம், ஃபில்டர் மெக்கானிக்கிடம் இருக்கிறதாம். பலகையைக் காலையில் போனதும் தேடி எடுத்து வைக்கிறேன்.