மாதாந்திரக் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நிறுத்துவது சரியா?

ஷிஃப்ட்_பி_வரதன்:
ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் இன்சார்ஜ் வேலை எனக்கு. போன வருஷம் வந்த பிளான்ட் ஹெட், மாதத்தின் முதல் சனிக்கிழமை லைன் ஆட்களை உட்கார வைத்து "என்ன மாத்தணும், தைரியமா சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். முதல் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். எங்கள் மூத்த ஆபரேட்டர் சொன்னதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பிரஸ்ஸிலிருந்து பீஸ் விழும் ட்ரே தரையோடு கிடக்கிறது. எடுக்க எடுக்கக் குனிய வேண்டும். ஸ்கிராப் யார்டில் கிடக்கும் இரும்பு ஆங்கிளை வெட்டி ஒரு முழ உயரத்துக்கு ஸ்டாண்டு அடித்தால் போதும் என்றார். வெல்டிங் ராடு செலவுதான். பிளான்ட் ஹெட் நோட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. பின்னொரு கூட்டத்தில் அதே மனிதரிடம் "உங்க கருத்து?" என்று கேட்டபோது, "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் சார்" என்று முடித்துக்கொண்டார். இப்போது கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

கூட்டத்துக்குப் பதிலாக க்யூஆர் கோடு ஒட்டி போனிலேயே கருத்து வாங்கலாம் என்கிறது எச்.ஆர். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். கேட்டுவிட்டுக் கிடப்பில் போடுவதற்குப் பேசாமல் கேட்காமலே இருக்கலாம். ஆட்களுக்கு ஆசை காட்டி மோசம் செய்த பாவமாவது மிஞ்சாது.

மனிதவளம்_மாலதி:
கடுமையாக மறுக்கிறேன். கூட்டத்தை நிறுத்தினால் பிளான்ட் ஹெட்டுக்கு லைன் நிலவரம் எப்படிப் போகும்? உங்களைப் போன்ற இன்சார்ஜ், அவருக்கு மேல் மேனேஜர் என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியிலும் கசப்பானது வடிகட்டப்பட்டு "எல்லாம் நல்லா போகுது சார்" என்பது மட்டும் மேலே சேரும். எச்.ஆரில் இருந்து இதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவள் நான். ஆட்கள் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு, போகும் நாளில்தான் எங்களிடம் உண்மையைச் சொல்கிறார்கள்.

டொயோட்டாவில் யோசனைத் திட்டம் வந்தது 1951ல். அதற்கு முந்தைய ஆண்டு எய்ஜி டொயோடா அமெரிக்கா போய் ஃபோர்டு ஆலையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளிகளிடம் யோசனை வாங்கும் முறையைக் கண்டு, ஊருக்கு வந்து தொடங்கினார்கள். இன்றுவரை விடவில்லை. சில மாதம் பதில் தாமதமானதற்காகக் கதவையே அடைத்துவிடுவதா?

லேத்காரன்:
மேடம், டொயோட்டாவை எடுத்தீங்கன்னா முழுசா எடுங்க. கலிஃபோர்னியால ஃப்ரீமாண்ட்னு ஒரு ஊர். அங்க ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982ல மூடிக் கிடந்துச்சு. ஆள் வேலைக்கு வராம நிக்கிறது, சண்டை, மோசமான தரம்னு அதுக்கு எல்லாக் கெட்ட பேரும் உண்டு. 1984ல டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டுச் சேர்ந்து நம்மிங்கிற பேர்ல அதைத் திறந்தாங்க. எடுத்த ஆட்கள்ல பெரும்பாலானவங்க பழைய ஆட்கள்தான். அதே கைங்க, தரம் எங்கயோ உசந்து போயிடுச்சு.

முன்னாடி லைனை நிறுத்தினா வேலை காலிங்கிற பயம். புதுசுல தலைக்கு மேல ஒரு கயிறு. கோளாறுன்னு பட்டா யார் வேணா இழுக்கலாம். மணி அடிக்கும், விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வந்து பக்கத்துல நிப்பார். அந்த ஸ்டேஷன் எல்லையைத் தாண்டுறதுக்குள்ள சரியாகலைன்னாதான் லைன் நிக்கும். அதாவது தொழிலாளி வாயைத் திறந்த அந்த நிமிஷமே ஒரு மனுஷன் பதிலோட வந்து நிக்கிறான். அதுதான் கருத்துக் கேக்கறது. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை நாற்காலி போட்டு, நோட்டுல எழுதிக்கிட்டுப் போறதுக்கு வேற பேரு. நான் வரதன் பக்கம்.

தோழர்_அம்பத்தூர்:
லேத்காரன் சொன்ன கதையில் ஒன்று விட்டுப்போனது. நம்மியில் யு.ஏ.டபிள்யூ. என்ற அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் இருந்தது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், நிறுவனமே ஆட்டம் காணும் நிலை வந்தாலொழிய ஆட்குறைப்பு செய்வதில்லை என்ற உறுதி இருந்தது. 1988ல் விற்பனை விழுந்தபோது அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். "நான் சொல்லும் யோசனையால் ஒரு ஆள் மிச்சமானால், அந்த ஆள் நானாக இருக்க மாட்டேன்" என்ற நம்பிக்கை இருந்ததால்தான் கயிற்றை இழுத்தார்கள். பாதுகாப்பில்லாத தொழிலாளியிடம் கருத்துக் கேட்பது அவனை ஆபத்தில் தள்ளுவது.

நம் ஊருக்கு வாருங்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நடந்தது. நடுவில் நிர்வாகம் தொழிலாளர் குழு ஒன்றோடு உடன்பாடு போட்டது. போராட்டத்தில் நின்றவர்கள் அதை ஏற்கவில்லை. "எங்களுக்காக யார் பேசுவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம்" என்பதே அவர்கள் நிலை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. யாரிடம், எங்கே, எதைக் கேட்பது என்பதை நிர்வாகமே தீர்மானிக்கிற வரை அது நிர்வாகத்தின் கூட்டம்தான்.

மனிதவளம்_மாலதி:
தோழர், சம்பளம், நிரந்தரம் இதற்கெல்லாம் சங்கம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ட்ரே ஸ்டாண்டு அடிக்க சமரச ஒப்பந்தம் போடவா முடியும்? தொழிலாளர் அலுவலர் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து முடிவதற்குள் அந்த ஆபரேட்டர் ஓய்வு பெற்றுவிடுவார். அன்றாடச் சின்னச் சின்னக் கஷ்டத்துக்கு நேருக்கு நேர் பேச்சுதான் வழி.

தோழர்_அம்பத்தூர்:
அன்றாடக் கஷ்டத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1947ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 3வது பிரிவிலேயே இது இருந்தது. 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் பணிக்குழு அமைக்க அரசு உத்தரவிடலாம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது. 2020ல் நிறைவேறி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இதை எடுத்துவிடவில்லை. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்பதை 1976ல் அரசியல் சட்டத்திலேயே 43ஏ என்று சேர்த்தார்கள். வழி இருந்தும் மேலாளரின் நோட்டுப் புத்தகத்தை நம்பச் சொல்கிறீர்கள்.

பீளமேடு_வார்ப்படம்:
நான் முதலாளி தரப்பு. சின்ன ஃபவுண்டரி, முப்பதுக்குள்தான் ஆட்கள். இங்கே எல்லாரும் பேசுவதைப் பார்த்தால், எல்லாரையும் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் போலிருக்கிறது. வங்கிக் கடன் என் பெயரில். ஆர்டர் தவறினால் கஸ்டமர் என்னைத்தான் பிடிப்பான். மணல் கலவை மாற்றவா, ஃபர்னஸ் நேரம் மாற்றவா என்று வந்தால், மோல்டிங்கில் ஒருவர், மெல்டிங்கில் ஒருவர் என்று இரண்டு பேரைத்தான் கேட்பேன். கேட்டதற்குப் பிறகு முடிவு என்னுடையது. அவர்களும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் தலைவர்களில் பாதிப்பேர், முடிவு தப்பாகப் போனால் "எல்லாரும் சேர்ந்து எடுத்ததுதானே" என்று தப்பிக்கப் பார்க்கிறவர்கள். அந்த பிளான்ட் ஹெட் பட்டறைக்குள் நடந்து போயிருந்தால் ட்ரே தரையில் கிடப்பது அவர் கண்ணிலேயே பட்டிருக்கும்.

நந்தினி_டைடல்:
முடிவு தலைவருடையது என்பது சரி ஐயா. ஆனால் கேட்டவர்களை முடிவு எடுக்கும் நேரத்தில் வெளியே நிறுத்துவது எவ்வளவு கொடுமையில் முடியும் என்பதற்கு சேலஞ்சர் விண்கலம் இருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, ஏவுவதற்கு முந்தைய இரவு. ராக்கெட் பூஸ்டர் செய்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது, 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். நாசா அதிகாரிகள் அதிருப்தி காட்டியதும், தையோகால்காரர்கள் இணைப்பைத் துண்டித்துத் தங்களுக்குள் பேசினார்கள். ரோஜர் பாய்ஸ்ஜொலி என்ற பொறியாளர் படங்களை மேலதிகாரிகள் முன்னால் வைத்து மறுபடியும் கெஞ்சினார். கடைசியில் பொறியாளர்களை விட்டுவிட்டு மேலாளர்கள் நாலு பேர் மட்டும் முடிவெடுத்தார்கள். மறுநாள் காலை ஏழு உயிர் போனது. கருத்தைக் கேட்டிருந்தார்கள், கூட்டமும் நடந்தது.

அந்த க்யூஆர் கோடு விஷயத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.டி. கம்பெனிகளில் வருஷா வருஷம் "பெயர் தெரியாது" என்று சொல்லித்தான் சர்வே லிங்க் அனுப்புவார்கள். உள்ளே போக எம்ப்ளாயி நம்பர் போட வேண்டும். பிறகு எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா, எத்தனை வருட அனுபவம் என்று கேட்பார்கள். என் பழைய டீமில் பெண் என்று நான் ஒருத்திதான். நான் எழுதியதை மேனேஜர் ஒரு வார்த்தை மாறாமல் கூட்டத்தில் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த வருட அப்ரைசலில் எனக்கு "டீம் ஸ்பிரிட் குறைவு" என்று வந்தது. வரதன் சார், போனில் வாங்குவதாக இருந்தால் சின்னக் குழுக்களின் பதிலைத் தனியாகக் காட்டாத ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஆட்களை எழுத விடாதீர்கள்.

மனிதவளம்_மாலதி:
நந்தினிக்கு நடந்தது அநியாயம். அந்த மேனேஜர் மேல் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். ஆனால் இது எதுவும் கருத்துக் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. கேட்கும் முறையைத் திருத்துங்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறீர்கள்.

லேத்காரன்:
அப்போ நேரா கேக்கறேன். லைன் பக்கத்துல ஒரு போர்டு வெச்சு, சொன்னது என்ன, யார் பாக்கறாங்க, எந்தத் தேதிக்குள்ள, பதில் என்னன்னு எழுதலாமா? முடியாதுன்னா முடியாது, காரணம் இதுன்னு எழுதணும். "முடியாது"ங்கிற வார்த்தையைக் கேட்டு எந்தத் தொழிலாளியும் செத்துப் போகமாட்டான். சத்தமே வராம இருக்கறதுதான் அவனைக் கொல்லுது. உங்க கம்பெனில "முடியாது"ன்னு எழுத எச்.ஆர். ஒத்துக்குமா மேடம்?

மனிதவளம்_மாலதி:
கஷ்டம்தான், மறைக்கவில்லை. "முதுகு வலிக்கிறது என்றோம், முடியாது என்று எழுதினார்கள்" என்று நாளைக்கு ஒரு விபத்து வழக்கில் அந்தப் போர்டின் போட்டோ போய் நிற்கும் என்று சட்டப் பிரிவு பயப்படும். அதனால்தான் பல இடங்களில் "பரிசீலனையில் உள்ளது" என்றே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். என் சொந்த அபிப்பிராயம், அந்தப் பயம் நியாயமில்லை. உடம்புக்கு ஆபத்தான விஷயத்தில் முடியாது என்று எழுதக் கை கூசுகிறது என்றால், அதைச் சரிசெய்துவிட வேண்டியதுதான்.

பீளமேடு_வார்ப்படம்:
இது நல்ல பேச்சு. போர்டில் பதில் எழுதுகிறவர் கையெழுத்தும் வேண்டும். யார் பொறுப்பு என்று தெரியாத பதில் பதிலே இல்லை.

தோழர்_அம்பத்தூர்:
கையெழுத்து சரி. "முடியாது" என்று எழுதியதற்கு அப்புறம் தொழிலாளி யாரிடம் போவான்? தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் வாரம் ஒருமுறை பிளான்ட் ஹெட்டோடு அந்தப் போர்டு முன்னால் நின்று, இந்தப் பதிலை ஏற்கிறோம், இதை ஏற்கவில்லை என்று சொல்லும் உரிமை வேண்டும். இன்னொரு கேள்வி வரதன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் காண்ட்ராக்ட் ஆட்களைக் கூப்பிடுகிறார்களா?

ஷிஃப்ட்_பி_வரதன்:
கூப்பிடுவதில்லை தோழர். அவர்கள் கம்பெனி ரோலில் இல்லை, காண்ட்ராக்டரிடம் சொல்லட்டும் என்பார்கள். எங்கள் லைனில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்; தமிழில் கூட்டம் நடந்தால் உட்கார்ந்திருந்தும் பயனில்லை.

மனிதவளம்_மாலதி:
காண்ட்ராக்ட் ஆட்களை நேரடியாக உட்கார வைத்துப் பேசினால், "மேற்பார்வை உங்களுடையது, ஆகவே அவர்கள் உங்கள் தொழிலாளிகள்" என்று நிரந்தரம் கேட்டு வழக்கு வரும் என்று நிர்வாகம் தயங்கும். பிரதிநிதி தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு என்றால் இன்னும் தயங்கும். தயக்கம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தோழர்_அம்பத்தூர்:
அந்தத் தயக்கம் தானே தொழிலாளி கேட்கும் கேள்வி? வேலை வாங்கும்போது உங்கள் ஆள், கருத்துக் கேட்கும்போது காண்ட்ராக்டர் ஆளா?

ஷிஃப்ட்_பி_வரதன்:
மாலதி மேடம், சனிக்கிழமை பிளான்ட் ஹெட்டிடம் மூன்று விஷயம் கேட்கப் போகிறேன். கையெழுத்தோடு போர்டு, தேர்ந்தெடுத்த இரண்டு பேர், ஒடியா தெரிந்த ஒருவரை வைத்துக் காண்ட்ராக்ட் பையன்களையும் கூட்டத்தில் உட்கார வைப்பது. முதல் இரண்டுக்கு அவர் ஒத்துக்கொள்ளலாம். மூன்றாவதை மறுத்தால், கூட்டத்தை நிறுத்துங்கள் என்று அங்கேயே சொல்வேன். வேலையில் பாதியைச் செய்கிறவர்களை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு லைன் கருத்து என்று எழுதும் நோட்டில் என் ஷிஃப்ட் பெயர் இருக்க வேண்டாம்.