அட்லாண்டிக் தாண்டியாச்சு, படகை எங்கே கரையேற்றுவது?

உப்புக்காற்று:
கானரி தீவுகளிலிருந்து கிளம்பி ஒருவழியாகக் கரீபியன் வந்து சேர்ந்துவிட்டோம். 40 அடி பாய்மரப் படகு, ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம். வரும் வழியிலேயே சுக்கானின் பேரிங் தேய்ந்து, பின்னாலிருந்து அலை தள்ளும்போதெல்லாம் டொக் டொக்கென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரௌட் கம்பி ஒன்றில், கீழ்முனை உலோகக் குப்பிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு இழை அறுந்து துருத்திக்கொண்டு நிற்கிறது. நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும், புயல் சீசன் முடியும்வரை படகு ஆளில்லாமல்தான் நிற்கும். கிரெனடா, டிரினிடாட், குராசோ என்ற மூன்று தீவுகளையும் பற்றிப் படித்துப் படித்துக் குழப்பம்தான் மிச்சம். எங்கே வாடகை குறைவோ அங்கே ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன், சரிதானே?

வடக்குநட்சத்திரம்:
வாடகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்து, ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை படகு எந்த அட்சரேகைக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கிரெனடா 12 டிகிரி வடக்கை ஒட்டி இருப்பதால் அதில்தான் தகராறு வரும், ஒரு கம்பெனி சரி என்னும், இன்னொன்று முடியாது என்னும், வேறொன்று படகைத் தரையோடு பட்டை போட்டுக் கட்டினால் மட்டும் ஒத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் புயலே வராது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிரெனடாவைத் துவைத்து எடுத்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூ தீவில் கரையைக் கடந்தது, சீசன் தொடங்கி ஒரு மாதம்தான், அதற்குள் நான்காம் வகைப் புயல். போனில் வாங்குகிற சம்மதம் செல்லாது, படகை ஏற்றி வைக்கப்போகிற யார்டின் (படகுப் பட்டறை) பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் வாங்குங்கள்.

துருப்பிடித்தநங்கூரம்:
என் ஓட்டு டிரினிடாடுக்கு. 10 டிகிரி சொச்சம்தான், அங்குள்ள சாகுவாரமாஸில் யார்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன, வெல்டர், பாய்மரக் கம்பி வேலை பார்க்கும் ரிக்கர், பாய் தைப்பவர் என்று எல்லாரும் அங்கேயே கிடைப்பார்கள். கிரெனடாவிலிருந்து ஏறத்தாழ 80 கடல் மைல். வெனிசுவேலா பக்கமிருந்து வந்து படகுகளை வழிமறித்த சம்பவங்கள் முன்பு நடந்திருப்பதால் பயணத் திட்டத்தைக் கடலோரக் காவல்படைக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் போவது வழக்கம், கிளம்பும் வாரத்து நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யார்டிடம் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. உங்கள் சுக்கான் அடியில் தனியாகத் தொங்கும் வகை என்றால், பேரிங் மாற்ற அதை முழுசாகக் கீழே இறக்க வேண்டும். தண்டு எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறதோ அவ்வளவு இடைவெளி அடியில் வேண்டும். மண் தரை என்றால் குழி தோண்டிவிடலாம், கான்கிரீட் என்றால் படகையே உயரமாக ஏற்றி முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுத்து முடித்த பிறகு சொன்னால் படகைத் தூக்கும் லிஃப்டை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் காசு. தண்டை அளந்து, புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள்.

வறண்டகரை:
டிரினிடாடில் ஜூனிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம் என்பதை மேலே இருப்பவர் வசதியாக விட்டுவிட்டார் :) அடிப்பாகம் ஈரம் குடித்துக் கொப்புளம் போட்டிருந்தால் அந்தக் காற்றில் எத்தனை மாதம் வைத்தாலும் காயாது. கரையேற்றியதும் ஈரமானி வைத்துப் பாருங்கள். கொப்புள வேலை இருந்தால் குராசோ நல்லது, வறண்ட ஊர், புயல் வழக்கமாகப் போகும் பாதைக்கும் தெற்கே. ஆனால் அங்கிருந்து கிழக்கே திரும்பி வருவது எதிர்காற்று, எதிர்நீரோட்டம், உடம்பை உலுக்கி எடுத்துவிடும். அடுத்த சீசனில் பனாமா பக்கம் போகிறவர்களுக்குத்தான் அது தோது.

உப்புக்காற்று:
அடிப்பாகம் நன்றாகத்தான் இருக்கிறது, கொப்புளம் எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த வருடமும் இந்தத் தீவுகளைத்தான் சுற்றுவோம், அதனால் குராசோ வேண்டாம். சுக்கான் தொங்கும் வகைதான். இன்ஷூரன்ஸுக்கு எழுதிவிட்டேன், பதில் வந்ததும் சாகுவாரமாஸ் யார்டுகளுக்கு எழுதுகிறேன். அறுந்த கம்பியை மட்டும் மாற்றினால் போதுமா?

துருப்பிடித்தநங்கூரம்:
போதாது. எல்லாம் ஒரே வயசுக் கம்பிகள், ஒரே கடலில் ஒரே ஆட்டம் ஆடியவை. ஒன்றில் இழை விட்டால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். மொத்தமாக மாற்றுங்கள், அதற்காகப் பாய்மரத்தைக் கழற்றினால் புயல் காலம் முழுக்கப் படுக்கவே வைத்துவிடுங்கள், காற்று பிடிக்கிற பரப்பும் குறையும்.

அப்புறம் பூட்டுவதற்கு முன்னால் காக்பிட்டின் (படகோட்டி உட்காரும் திறந்த பள்ளம்) வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள். கரையில் நிற்கிற படகில் இலை விழுந்து அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால், ஒரு நல்ல மழைக்கு காக்பிட் நிறைந்து தண்ணீர் கதவு வழியாக உள்ளே இறங்கிவிடும். வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்கிற ஆளுக்குக் காசு கொடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.