அரவேணுவில் ஒரு 1965 ஸ்பிட்ஃபயர்: பார்ட்ஸ் எங்கே தேடுவது, முதலில் எதைப் பிரிப்பது?

அரவேணு_தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். குன்னூர் பக்கத்து எஸ்டேட் பங்களா ஒன்றில் ஷெட்டில் கிடந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் (இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பிளேட்டில் நம்பர் எஃப்.சி. என்று ஆரம்பித்து அறுபதாயிரத்துச் சொச்சத்தில் இருக்கிறது, அதனால் மார்க் 2 என்று நினைக்கிறேன். 1965 மாடல், வலது பக்க ஸ்டியரிங், பழைய ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறது.

வண்டியின் நிலைமை இதுதான். எஞ்சின் பல வருடமாக ஓடவில்லை, கையால் திருப்பிப் பார்க்கவும் இல்லை. பிரேக் பெடல் தரையோடு போகிறது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே உள்ள சில் துருப்பிடித்து விரல் உள்ளே போகிறது. ஆனால் முன்பக்கம் முழுசாகத் தூக்கும் அந்த பானெட் மட்டும் அதிசயமாக நல்ல நிலையில் இருக்கிறது. ஹூட் துணி போய்விட்டது, அதைப் பற்றி இப்போது கவலை இல்லை.

எங்கள் ஊர் டிங்கர் வந்து பார்த்தார். சில்லை வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ் தகடு வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார். எலெக்ட்ரீஷியன் நேரே பேட்டரி வைத்து செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்கிறார். எனக்கு இரண்டுக்கும் மனசு வரவில்லை.

பார்ட்ஸ் எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா? நம் ஊரில் கிடைப்பது ஏதாவது பொருந்துமா? கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் எதைச் செய்வது? வண்டியைக் காட்சிக்கு வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இந்த மலையில் ஓட்ட வேண்டும், மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏற வேண்டும்.

சென்னை_ஹெரால்டு:

நல்ல வண்டி. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு ஒரு நடை வாருங்கள். ஆனால் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ஸ்பிட்ஃபயர் என்றால் கடைக்காரருக்குத் தெரியாது, தெரிந்தால் விலை ஏறும். கழற்றிய சாமானைக் கையில் கொண்டுபோய், நம் ஊர்ப் பழைய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய கடைகளை விட, பின் சந்துகளில் பழைய சரக்கு வைத்திருக்கும் பெரியவர்களிடம்தான் கிடைக்கும். பேரிங், ஆயில் சீல் மாதிரி நம்பர் போட்ட சாமான்களுக்கு சென்னை ஜி.பி. ரோடு கடைகள் போதும். பழைய சீலை எடுத்துப்போய் அளவு சொன்னாலே தருவார்கள். வெர்னியர் காலிப்பர் பையில் இருக்கட்டும். நட்டு போல்ட் எல்லாம் யு.என்.எஃப்., அதாவது இஞ்ச் அளவு; மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டு முனையை மழுக்கிவிடாதீர்கள்.

பெட்ஃபோர்டு_பட்டறை:

தம்பி, குன்னூரில் எனக்குப் பட்டறை. இளவயதிலிருந்து ஹெரால்டும் அம்பாசடரும் பிரித்துக் கோர்த்த கை இது. உங்கள் டிங்கரையும் எலெக்ட்ரீஷியனையும் நிறுத்தி வைத்தீர்களே, அதுவே பாதி வேலை.

முதலில் இந்த வண்டி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 1962-ல் ஸ்பிட்ஃபயர் வந்தபோது அதற்கென்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவில்லை. ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ரேக், கியர்பாக்ஸ், பின்னால் குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங் எல்லாவற்றையும் எடுத்து, சேசிஸைக் குட்டையாக்கி, இத்தாலிய டிசைனர் மிக்கெலோட்டி வரைந்த பாடியை மேலே வைத்தார்கள். அந்த ஹெரால்டை 1961-லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. அதனால்தான் உங்கள் வண்டி இங்கே அனாதை இல்லை என்கிறேன்.

ஆனால் எல்லாம் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. நம் ஹெரால்டு எஞ்சின் 948 சி.சி., போர் 63 மில்லிமீட்டர். உங்களுடையது 1147 சி.சி., போர் 69.3. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ஒன்றுதான், 76. ஆனால் பிஸ்டன், ரிங், ஹெட் பேக்கிங் எதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஹெரால்டுக்கு முன்னாலும் டிரம் பிரேக், உங்களுக்கு முன்னால் டிஸ்க். ஆகவே காலிப்பர், டிஸ்க், பேட் மூன்றும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பின் டிரம் 7 இஞ்ச், அதற்கு ஹெரால்டு சாமான் பார்க்கலாம். பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன் பினியன் கியரும் ஹெரால்டுடையது உட்காரும், ஆனால் ரேஷியோ குட்டை. மேட்டில் நன்றாக இழுக்கும், சமதளத்தில் எஞ்சின் கத்தும். ஸ்டாண்டர்டு கம்பெனியே 1972-ல் கொண்டுவந்த கெஜல் வண்டியின் பின்பக்கத்தை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் பின் ஆக்ஸில் வேறு வகை.

இன்னொன்று. எஞ்சின் பிளாக்கில் உள்ள நம்பரும் எஃப்.சி. என்று ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். இந்த மலையில் பல வண்டிகளுக்கு நடுவில் ஹெரால்டு எஞ்சின் ஏறியிருக்கிறது. அது தெரியாமல் ஒரு வாஷர் கூட ஆர்டர் செய்யாதீர்கள்.

இப்போது வேலை வரிசை. நிற்பதும் திரும்புவதும் முதலில், ஓடுவது அப்புறம். மலையில் இருப்பவனுக்கு இதில் பேச்சே இல்லை.

முன் சக்கரத்துக்குக் கீழே டிரனியன் என்று ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். நிற்கும் இரும்புத் தண்டின் அடி மரை அதற்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுற்றுகிறது. இதற்கு கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் ஆட்கள் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் மேலே இறுகி நின்றுவிடும், அடி மரை காய்ந்து, மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளேயே துரு தின்னும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் வளைவில் தண்டு மரையோடு முறிந்து சக்கரம் மடிந்து உட்காரும். மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கழற்றி, டீசலில் கழுவி, வெளிச்சத்தில் மரையைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் குழி இருந்தால் தண்டை மாற்றியே ஆக வேண்டும். இடது பக்கத்தில் இடது மரை, வலது பக்கத்தில் வலது மரை. கழற்றும்போதே அடையாளம் கட்டிவிடுங்கள்.

பிரேக்கில் ரப்பர் என்று எதுவெல்லாம் இருக்கிறதோ எல்லாம் புதுசு. கிட் மட்டும் போட்டு முடித்துவிடக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் உள் சுவரை விரலால் தடவுங்கள், துருக்குழி தட்டினால் கோவையில் லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடித்துத் தருவார்கள். பைப் எல்லாம் செம்பு நிக்கல் குழாயில் புதிதாக இழுங்கள். உங்கள் வண்டிக்கு ஒரே சர்க்யூட், எங்கே கசிந்தாலும் நாலு சக்கரமும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கோத்தகிரி மஞ்சில் அது இன்னும் சீக்கிரம் கெடும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் சூடானதும் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சாகும். வருடம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

சில் விஷயத்தில் டிங்கரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஹெரால்டில் சேசிஸுக்குப் பக்கவாட்டிலும் சட்டம் உண்டு. ஸ்பிட்ஃபயரில் நடுவில் மட்டும்தான் முதுகெலும்பு, பக்கத்துப் பலம் சில்லில்தான் இருக்கிறது. கூரையும் இல்லாத வண்டி. அப்படியே வெட்டினால் பாடி நடுவில் தொய்யும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. கதவு வாசலுக்குக் குறுக்கே சதுரப் பைப்பைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்து, சேசிஸைச் சமமாகத் தாங்கி, ஒரு பக்கம் முடிந்த பிறகே அடுத்த பக்கம். வெறும் தகடு மடித்து வைப்பது சில் ஆகாது. உள், நடு, வெளி என்று அடுக்குகள் உண்டு. தண்ணீர் வடியும் துளைகளைப் பட்டி வைத்து மூடக் கூடாது.

எஞ்சினுக்கு செல்ஃப் அடிக்க வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு, ஊறவிட்டு, பிறகு முன் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு மெல்லத் திருப்புங்கள். வீம்பு பிடித்தால் நிறுத்திவிட்டு இன்னும் ஊற விடுங்கள். சுற்றினால் அடுத்த சோதனை: ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி, நீங்கள் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் போயிருக்கிறது. அது தேய்ந்து அடியிலுள்ள ஆயில் சம்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அறுக்கும். அந்த வாஷருக்கு விலை பெரிதில்லை, பிளாக்குக்கு மாற்று கிடையாது.

பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டும் மாற்றியே ஆக வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதற்குத் தாங்காது.

எஸ்.யு. கார்பரேட்டர் இரண்டும் கடைசியில். நம் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே டியூன் செய்து கொண்டுவந்தால் இங்கே பெட்ரோல் கூடிப் புகை தள்ளும். கார்பரேட்டருக்கு அடியில் உள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும். ஐடிலில் கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெல்லத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாக ஏறித் திரும்பி அமர்ந்தால் சரி. கார்பரேட்டர் மேலே உள்ள டேம்பரில் சாதாரண எஞ்சின் ஆயில் போதும்.

டயர் பற்றிக் கவலை வேண்டாம். 145/80 ஆர் 13, சின்ன மாருதி வண்டிகளுக்கு விற்கும் அளவுதான்.

லவ்டேல்_வயரிங்:

பெட்ஃபோர்டு அண்ணன் சொன்னதோடு ஒன்று. மார்க் 2-வில் பிளஸ் தான் எர்த். உங்கள் எலெக்ட்ரீஷியன் பழக்கத்தில் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிடப் போகிறார். டைனமோ வண்டி என்பதால் மைனஸ் எர்த்துக்கு மாற்றுவது சுலபம். பேட்டரி வயரையும் காயில் வயரையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் வயரைக் கழற்றிவிட்டு, டைனமோவின் அந்த எஃப் முனையில் பேட்டரி பிளஸை இரண்டு மூன்று முறை தொட்டு எடுத்தால் போதும். மாற்றினால் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். அதற்கு முன் வயரிங்கை முழுசாகப் பாருங்கள். ஷெட்டில் கிடந்த வண்டியென்றால் எலி விட்டு வைத்திருக்காது.

சென்னை_ஹெரால்டு:

பேப்பர் விஷயமும் யோசியுங்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டு. வி.ஏ. என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் எடுக்கலாம். நீங்கள் ஓட்ட ஆசைப்படுகிறீர்கள். அதனால் பழைய ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றிப் புதுப்பிக்க முடியுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் கேளுங்கள்.

அரவேணு_தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். பிளாக் நம்பரும் எஃப்.சி. தான். எஞ்சின் ஊறியபின் சுற்றிவிட்டது. கிளட்சை மிதித்தால் புல்லி அசைவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் டிரனியனைக் கழற்றியதில் உள்ளே கிரீஸ் கருங்கல் மாதிரி இறுகியிருக்கிறது. வலது தண்டின் மரையில் கீழ் மூன்று சுற்றுக்குத் துருக்குழி. இடதில் லேசான கறை மட்டும். வலதை லேத்தில் கொடுத்து வெல்டிங் நிரப்பி மரை போட முடியுமா ஐயா? சில் பேனலோடு சேர்த்து இங்கிலாந்தில் ஆர்டர் செய்தால் செலவு எப்படி?

பெட்ஃபோர்டு_பட்டறை:

வெல்டிங் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தத் தண்டு ஃபோர்ஜிங். சூடு காட்டி மரை போட்டால் அதே இடத்தில்தான் மறுபடி முறியும். இடதையும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள், கறை உள்ளதை நம்பி மலை இறங்க முடியாது. இங்கிலாந்துப் பார்ட்ஸ் கடைகளான ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் இரண்டிலும் இந்தச் சாமான் உண்டு. பிளேட்டில் உள்ள எஃப்.சி. நம்பரை, அதாவது கமிஷன் நம்பரை, எழுதிக் கேளுங்கள். கூரியரில் வரும்போது கே.ஒய்.சி. கேட்பார்கள், கஸ்டம்ஸ் டியூட்டியும் சேரும். அதனால் தண்டு, டிரனியன், நைலான் புஷ், காலிப்பர் கிட், த்ரஸ்ட் வாஷர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வரவழையுங்கள். சில் பேனலை அதில் சேர்க்காதீர்கள், நீளச் சாமானுக்கு சரக்குக் கூலி விலையை மிஞ்சும். பழைய சில்லைக் கழற்றி அளவு எடுத்து, மூன்று அடுக்கையும் கோவையில் பிரஸ் பிரேக்கில் மடித்து வாங்கலாம், அளவு எடுக்கும்போது நானும் இருக்கிறேன்.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பின் ஆக்ஸில் ஸ்விங் வகை, இரு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவு நடுவில் ஆக்சிலரேட்டரைப் படாரென்று விட்டால் பின் சக்கரம் உள்ளே மடியும், வால் போய்விடும். வளைவுக்கு முன்பே வேகம் குறைத்து, கியர் இறக்கி, லேசாக ஆக்சிலரேட்டர் வைத்தபடி திரும்புங்கள். ஹேர்பின்னில் ஒரே வெட்டில் திரும்பிவிடும், அந்த ஸ்டியரிங் அப்படி.

இப்போதைக்கு மாஸ்டர் சிலிண்டரையும் இரண்டு தண்டையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு வாருங்கள். சிலிண்டர் ஸ்லீவுக்குத் தேறுமா என்று பார்த்துவிட்டு ஆர்டர் பட்டியலைச் சேர்ந்தே எழுதலாம்.