சுண்ணாம்பாற்றுப் படகுப் போட்டி: என் துடுப்பைத் தள்ளிவிட்டவர்

அரியாங்குப்பத்தான்:

புதுச்சேரி நோணாங்குப்பம் பாலத்தை ஒட்டிச் சுண்ணாம்பாற்றில் நடந்த அந்தப் படகுப் போட்டியைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை. காலையில் கயாக், பிறகு கட்டுமரம், ஒற்றையர் படகு, அதன்பின் மாணவிகளின் வேலர், கடைசியில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற பொது வேலர். அதில் எங்கள் கல்லூரி என்.சி.சி. கடற்படைப் பிரிவும் வீராம்பட்டினத்துக் குழுவும்தான் இறுதிச் சுற்றில் மிஞ்சினோம். வேலர் என்றால் ஐந்து பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, ஒருவர் சுக்கான் பிடிக்கும் கடற்படைப் பாணிப் படகு.

மிதவையைச் சுற்றித் திரும்பும் இடம். அவர்கள் உட்பக்கம், நாங்கள் வெளிப்பக்கம். இரண்டு படகும் நெருங்கியதில் என் துடுப்பின் இலை அவர்கள் படகின் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓடுகிற படகில் துடுப்பு இப்படிச் சிக்கினால் கைப்பிடி நெஞ்சில் வந்து இடிக்கும், துடுப்பு வலித்தவர்களுக்குத் தெரியும். நான் கைப்பிடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திணறினேன். அவர்கள் படகின் முன்முனையான அணியத்தில் ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் துண்டு, வெளுத்துப்போன நீலச் சட்டை. தன் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் துடுப்பைத் தூக்கி வெளியே தள்ளினார். தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "வலி தம்பி, வலி!" என்றார்.

அவர் விட்ட துடுப்பு தண்ணீரில் இழுபட, அவர்கள் படகின் வேகம் போய்விட்டது. நாங்கள் ஒரு படகு நீளம் முன்னால் வந்து கோப்பையை வாங்கினோம். பரிசளிப்பில் அவரைத் தேடினேன். அந்தக் குழுவையே காணவில்லை. நடுவர் படகு வெகுதூரம் பின்னால் இருந்ததால் நடுவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? எங்கள் குழுவில் வேறு யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் உறுத்துகிறது.

முதுநகர் வாசி:

தம்பி, இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. உங்கள் துடுப்பு அவர் படகுக்குள் கிடந்தால் அவருக்கு முன்னால் இருப்பவர்கள் எப்படி வலிப்பார்கள்? குப்பையை வெளியே தள்ளுவதுபோலத் தள்ளியிருக்கிறார். கோப்பை உங்களுக்கு வந்தது தற்செயல்.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. தேவனாம்பட்டினத்தில் கட்டுமரப் போட்டி, சுனாமிக்கு முந்தைய காலம். அப்போது கரை முழுக்கக் கட்டுமரங்கள்தான் கிடக்கும். பைபர் படகை எண்ணிவிடலாம். மரத்துக்கு இரண்டு பேர். மணலிலிருந்து தள்ளி, அலை உடைகிற இடத்தைத் தாண்டி, வலை மிதவை கட்டிய கழியைச் சுற்றி வர வேண்டும். திரும்பி வரும்போது என் மாமா ஓட்டிய மரத்தை ஒரு பெரிய அலை தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்குள் போட்டது. மரம்தான் முதலில் வந்தது. மாமாவும் முதலில் வந்தார். கூட வலித்தவர் மட்டும் பின்னால் நுரையில் நீந்திக்கொண்டிருந்தார்.

ஜெயித்தது மரமா, ஆளா? இதற்கு ஊர்ப் பெரியவர்கள் கூடி வாதாடியதைப் போல ஒரு வாதத்தை நான் பிறகு நீதிமன்றத்தில்கூடக் கேட்டதில்லை. மரம் வந்தால் போதும், மரத்துக்குத்தான் போட்டி என்றார் ஒருவர். அப்படியானால் ஆளே இல்லாமல் மரத்தைத் தள்ளிவிடலாமே என்றார் இன்னொருவர். கடைசியில் இரண்டு பேர் காலும் மணலில் பட்டால்தான் கணக்கு என்று முடிவாகி, பரிசு எவர்சில்வர் அண்டா பக்கத்துத் தெருக்காரருக்குப் போனது. நீந்தி வந்தவர் இந்தத் தீர்ப்பையே கேட்கவில்லை. ஈரத் துணியோடு டீக்கடைக்குப் போய்விட்டார். மாமா அவரோடு பேசாமல் இருந்தார், வெகுகாலம். அந்த அண்டா எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது என்று அத்தை இன்றும் சொல்கிறார்.

பழைய பயிற்றுநர்:

இரண்டு பதிவையும் படித்தேன். நானும் ஒருமுறை நடுவர் படகில் உட்கார்ந்து போனேன். நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டது. இரு குழுக்களும் கண்ணில் படாத தூரம் போய்விட்டன. முடிவைக் கரையில் நின்ற சிறுவர்களிடம் கேட்டு எழுதினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. இளைஞர்கள் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச முறைப்படி 2000 மீட்டர் நேர்கோட்டில், ஒவ்வொரு படகுக்கும் தனித் தடம். தடம் மாறி அடுத்தவருக்கு இடையூறு நேரும் என்று தெரிந்தால் நடுவர் வெள்ளைக் கொடியை உயர்த்தி எச்சரிப்பார். ஆட்சேபம் இருக்கும் குழு, முடிவுக் கோட்டைத் தாண்டியதும் தண்ணீரில் இருக்கும்போதே கையை உயர்த்த வேண்டும். கரை ஏறியபின் முறையிட்டால் கேட்க மாட்டார்கள். ஓட்டம் ஒழுங்காக முடிந்ததென்றால் நடுவர் வெள்ளைக் கொடி காட்டுவார், ஆட்சேபம் இருந்தால் சிவப்பு. அந்த வீராம்பட்டினத்துக்காரர் அங்கேயே கையை உயர்த்தியிருக்க வேண்டும். உயர்த்தவில்லை, ஆகவே விஷயம் முடிந்தது.

இரண்டாவது, திருப்பம். வேலரில் ஐந்து துடுப்பு. ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. மூன்று துடுப்புள்ள பக்கம் வெளிப்புறமாக அமைந்தால் படகு சுருக்கமாகத் திரும்பும். இரண்டு துடுப்புப் பக்கம் வெளியே வந்தால் வட்டம் அகன்றுபோகும். சுக்கானை மட்டும் நம்பித் திருப்பினால் அதுவே வேகத்தைத் தின்னும். உட்பக்கத்துக்காரர்களை இரண்டு வீச்சு நிறுத்தி வைத்து, வெளிப்பக்கத்துக்காரர்களை நீளமாக வலிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, நேரம். நம் கரையில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிடும். பெரிய படகுகளைக் கடைசியில் வைப்பது சரி; ஒற்றையர் படகை விடிந்ததும் முடித்துவிட வேண்டும். சர்வதேச விதிப்படி அதன் குறைந்தபட்ச எடை வெறும் 14 கிலோ. எட்டுப் பேர் வலிக்கும் படகே 96 கிலோதான். முனையில் வெள்ளை ரப்பர் பந்து இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் படகையும் இறக்கக் கூடாது. மோதினால் எதிராளியின் முதுகில் பாயாமல் இருக்கத்தான் அது. நான்காவது, சாப்பாடு. பரோட்டா தின்றுவிட்டு வந்து வலிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துடுப்புக்காரி:

ஐயா, வணக்கம். தனித் தடம், கொடி எல்லாம் அடையாற்றில் சரி. சுண்ணாம்பாற்றில் தடத்தை எங்கே கட்டுவீர்கள்? முகத்துவாரத்தில் மணல் ஒரு பருவத்தில் அடைக்கும், ஒரு பருவத்தில் திறக்கும். கடல் ஏற்றத்தில் நீரோட்டம் ஒரு பக்கம், வற்றும்போது இன்னொரு பக்கம். அன்று இரண்டையும் பார்த்தோம்.

அந்த நாளில் நானும் இருந்தேன். ஒற்றையர் படகை வேன் கூரையில் கட்டிச் சென்னையிலிருந்து கொண்டுவந்தோம். விடிந்ததும் என்று சொல்லியிருந்தார்கள். கட்டுமரப் போட்டி இழுத்துக்கொண்டே போனதால் வெயில் ஏறிய பிறகுதான் அழைத்தார்கள். படகுத்துறை மேடையில் காற்று படகை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. அங்கே புதுக்குப்பத்து அக்கா ஒருவர் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வந்து ஒரு கையால் படகின் நடுவைப் பிடித்துத் தூக்கினார். "இது படகா, முருங்கைக்காயா?" என்று சிரித்தார்.

என் போட்டி முடிந்ததும், "நான் உட்காரட்டுமா?" என்று கேட்டார். புதிதாக ஏறுபவர்கள் நொடியில் தண்ணீரில் கிடப்பார்கள்; நானே வாரக்கணக்கில் விழுந்து எழுந்துதான் பழகினேன். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார், உட்கார்ந்தார், இரண்டு துடுப்பின் கைப்பிடிகளையும் மடிக்கு மேல் சேர்த்துப் பிடித்தார். படகு அசையவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. மேடையை ஒட்டியே கொஞ்ச தூரம் வலித்துவிட்டுத் திரும்பி வந்தார். "சின்ன வயதில் அப்பா மரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். வயதுக்கு வந்த பிறகு விடவில்லை," என்றார். பிறகு நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, "எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எந்தப் போட்டி?" என்று கேட்டார். இல்லை. ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "பெயர் கொடுக்க யார் வருவார்கள்?" என்றார். கேட்ட அக்கா அவருக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்!

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைத் துடுப்புப் போட்டி முதன்முறையாக வருகிறது. மணலில் ஓடி வந்து படகில் ஏறி, 250 மீட்டர் போய்த் திரும்பி, குதித்து மறுபடி மணலில் ஓட வேண்டும். பெண்கள் ஒற்றையரும் உண்டு. முதுநகர் அண்ணா சொன்ன கட்டுமரப் போட்டிக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள். பரோட்டாவைப் பற்றி எழுதிய இடத்தில் இதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கலாம், ஐயா.

முதுநகர் வாசி:

இப்போதும் இரண்டு பேர் காலும் மணலில் பட வேண்டுமா, அல்லது ஒருவர் போதுமா? அத்தை கேட்கச் சொன்னார்.

வீராம்பட்டினம்:

நீலச் சட்டைக்காரர் எங்கள் தெருதான். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. பரிசளிப்புக்கு நிற்காமல் போனது கோபத்தால் இல்லை; அன்று இரவு கடலுக்குப் போக வேண்டியிருந்தது, வலை ஏற்ற வேண்டும்.

துடுப்பு விஷயம். அந்த இரண்டு வேலரும் துடுப்புகளும் இரவல் வாங்கியவை என்பது அரியாங்குப்பத்துத் தம்பிக்குத் தெரியும். எதுவும் உடைந்தால் உடைத்த குழு பணம் கட்ட வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் படகின் விளிம்பில் மாட்டித் துடுப்பு முறிந்தால் யார் தலையில் விழும்? அதனால்தான் அவ்வளவு பதமாகத் தூக்கி வெளியே விட்டார். படகில் வந்த மற்றவர்கள் அன்று மாலை முழுக்க அவரைத் திட்டினார்கள், அது வேறு. "துடுப்பு என்ன விலை தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

அரியாங்குப்பத்தான்:

சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துடுப்பைக் காப்பாற்ற வந்தவர் "வலி தம்பி" என்று ஏன் சொல்ல வேண்டும்? அதற்குக் காசு இல்லையே.

வீராம்பட்டினம்:

நீங்கள் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். வலிக்காமல் அப்படியே இருந்தால் துடுப்பு திரும்பவும் எங்கள் படகுக்குள்தான் வரும். நேற்றும் கேட்டேன், அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலம் முடிந்ததும் கரையில்தான் வலை பிரித்துக்கொண்டிருப்பார், வந்து நீங்களே கேளுங்கள்.

பழைய பயிற்றுநர்:

மிதவையை இடப்புறமாகச் சுற்றினீர்களா, வலப்புறமாகவா? அதை இன்னும் யாரும் சொல்லவில்லை.