மசாஜ் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்தவர்களின் அனுபவங்கள்: வன்னியிலிருந்து

விசுவமடுவிலிருந்து ஒரு சகோதரி

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு கேள்விக்கு நான் "இல்லை" என்று எழுதினேன். உடலில் உலோகத் தகடோ, ஆணியோ, வேறு அந்நியப் பொருளோ உண்டா என்பதுதான் அந்தக் கேள்வி. 2009 மாசியில், போரின்போது, சுதந்திரபுரத்தில் பட்ட செல்துண்டு (எறிகணைச் சிதறல்) ஒன்று என் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே இன்றுவரை இருக்கிறது. "உண்டு" என்று எழுதினால் நேர்முகத் தேர்வுக்கே அழைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அழைத்தாலும், எங்கே, எப்போது, எப்படி என்ற கேள்விகளுக்கெல்லாம் தெரியாத ஓர் ஊரில் இருந்துகொண்டு பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் அஞ்சினேன்.

பள்ளி தெற்கில் இருந்தது. அன்று வந்திருந்த ஆறு பேரில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான் என்பதால், அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பிள்ளை எனக்காக மொழிபெயர்த்தார். கேள்விகள் முடிந்த பிறகு, மாணவர்கள் ஒருவரின் உடலில் மற்றவர் பழகியே இந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்றும், ஆகவே பிறரைத் தொடத் தெரிந்தால் மட்டும் போதாது, தன்னைத் தொடவிடவும் தெரிய வேண்டும் என்றும் ஆசிரியை விளக்கிவிட்டு, ஒவ்வொருவரையும் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். அந்த நிமிடம்வரை நான் என் கைகளைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். என் முதுகைப் பற்றி யோசிக்கவேயில்லை.

முகம் வைப்பதற்கென்று கட்டிலில் இருந்த துளை வழியாகச் சீமெந்துத் தரையும் ஆசிரியையின் கால்விரல்களும் மட்டுமே தெரிந்தன. அவருடைய கை சட்டையின் மேலாகக் கழுத்திலிருந்து இறங்கி, தோளைக் கடந்து, அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. அழுத்தவில்லை, விலகவும் இல்லை. தமிழில் அவருக்குத் தெரிந்திருந்த சில சொற்களில் ஒன்றாக இருக்க வேண்டும், "நோகுதா?" என்று கேட்டார். நான் "இல்லை" என்றேன். மாரி காலத்து இரவுகளில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருப்பவள் நான்.

மருத்துவரின் கடிதத்துடன் மீண்டும் வரும்படி சொன்னார்கள். மற்ற ஐந்து கோப்புகளும் ஒரே அடுக்கில் இருக்க, என் கோப்பை மட்டும் மேசையின் ஓரத்தில் தனியே வைத்தார்கள். இது நடந்து எட்டு மாதங்களாகின்றன. நான் திரும்பிப் போகவில்லை.

மல்லாவியிலிருந்து

அக்கா, உங்களையாவது கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டு கண்களிலும் பார்வை இல்லை. வேறொரு பள்ளிக்கு என் தம்பியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த அலுவலர் தொடக்கம் முதல் முடிவுவரை தம்பியிடமே பேசினார். "அண்ணாவுக்குச் சாதாரண தரத்தில் எத்தனை பாடங்கள்?", "அண்ணாவுக்குப் படிகளில் ஏற முடியுமா?" என்று என் முன்னாலேயே கேட்டார். நான் சொன்ன பதில்களையும் தம்பி திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுதினார். அவருடைய பேனா தாளில் ஓடும் சத்தத்தை வைத்து நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

உடற்கூற்றுப் பாடத்தைப் படம் பார்த்தே படிக்க வேண்டும் என்பதால் என்னைச் சேர்க்க முடியாது என்று கடைசியில் சொன்னார்கள். இது அறியாமை. ஜப்பானில் 17 ஆம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்றவர் தம்மைப் போன்றவர்களுக்கு அக்குபங்சரும் மசாஜும் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார். அந்த நாட்டில் இன்றும் பார்வையற்றோர் கற்கும் முதன்மையான தொழில்களில் இது ஒன்று. கம்போடியாவிலும் பார்வையற்றவர்களே வேலை செய்யும் மசாஜ் நிலையங்கள் இருக்கின்றன. எலும்புகளின் மாதிரி உருவத்தைக் கையில் தந்தால் அரை நாளில் படித்துவிடுவேன் என்று சொன்னேன். அதைத் தம்பி திருப்பிச் சொல்லவில்லை. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அலுவலரின் மீது இருந்த கோபம் ஆறிவிட்டது, தம்பி வாய்திறக்காமல் நின்றதுதான் இன்னும் ஆறவில்லை.

வவுனியாவிலிருந்து

விசுவமடுச் சகோதரி மனம் நோகக்கூடாது, ஆனால் படிவத்தில் பொய் எழுதியது பிழை. அந்தக் கேள்வியை உங்களை வடிகட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். உடலுக்குள் இருக்கும் துண்டின் மேல் ஆழமாக அழுத்தினால், அது நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால், பாதிக்கப்படுவது நீங்கள்தான். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் உங்கள் மேல் கைவைத்துப் பழகும் இன்னொரு மாணவி. காய்ச்சல், தொற்றும் தோல் நோய், பொருந்தாத எலும்பு முறிவு, காலின் ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி ஆகியவை இருப்பவர்களுக்குக் கைவைக்கக்கூடாது என்பதே இந்தத் தொழிலின் முதற்பாடம். இரத்தக்கட்டி இருக்கும் காலை அழுத்தி உருவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடக்கூடும். நாளை உங்களிடம் வருபவர் இப்படி ஒன்றை மறைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

என் கதை சிறியது. ஒரு தனியார் நிறுவனத்தில் கட்டணம் முழுவதையும் கட்டி, நான்கு மாதங்கள் படித்து, சான்றிதழுடன் பாசிக்குடாவில் ஒரு விடுதிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அதை வாசித்துவிட்டு, வந்த மடிப்பிலேயே திரும்ப மடித்து, இரண்டு கைகளாலும் என்னிடம் தந்தார். மரியாதையாகத் தந்ததுதான் அதிகம் சுட்டது.

ஆகவே இனி விண்ணப்பிப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத்தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அது நடத்தும் குறிப்பிட்ட பயிற்சிநெறி தேசிய தொழிற் தகைமைத் (என்.வி.கியூ.) தரத்துக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. நான் பதிவு இலக்கத்தை மட்டும் பார்த்து ஏமாந்தேன். என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். "நாங்கள் டிப்ளோமா தருகிறோம்" என்று விளம்பரத்தில் கண்டவுடன் மயங்காமல், அது எத்தனையாம் மட்டம் என்றும், இறுதி மதிப்பீட்டை யார் செய்வார்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தை ஒரே தடவையில் கட்டாதீர்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுவியுங்கள். கற்பிக்கும் மொழியையும் முதலிலேயே கேட்டறியுங்கள், ஏனென்றால் தமிழில் விண்ணப்பப் படிவம் தருவதெல்லாம் தமிழில் வகுப்பு நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. செய்முறைப் பயிற்சி எத்தனை மணிநேரம் என்பதும், ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் பழகுவார்களா என்பதும் கேட்கக்கூடாத கேள்விகள் அல்ல. இது இயன்மருத்துவம் (பிசியோதெரபி) அல்ல என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். இயன்மருத்துவம் கொழும்பு, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுவது. மசாஜ் படித்தவர் அந்தப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ளக்கூடாது.

ஒட்டுசுட்டானிலிருந்து

வவுனியா அண்ணா சொல்லும் பாதுகாப்புக் காரணம் சரியானது. ஆனால் "தொழிலின் முதற்பாடம்" என்று அவர் எழுதியதைப் படித்ததும், இந்தத் தொழில் விடுதிகளோடு சேர்ந்துதான் எங்களிடம் வந்தது என்ற எண்ணம் அதற்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. என் அம்மப்பா முறிவு நெரிவு வைத்தியர், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர். உழவு இயந்திரத்தால் விழுந்தவர்களும் தென்னையால் விழுந்தவர்களும் முத்தையன்கட்டிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் எங்கள் வளவுக்கு வருவார்கள். காய்ச்சலோடு வந்தவரை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் எண்ணெய்ப் போத்தலைத் திறக்காமலே முல்லைத்தீவு வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார். படிவம் இல்லாமலே அவருக்கு அந்த முதற்பாடம் தெரிந்திருந்தது.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. அம்மப்பாவுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்து, நொச்சி இலை வதக்கி ஒற்றடம் கட்டி, பத்து வயதிலிருந்து இருபது வயதுவரை நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆகவே விண்ணப்பத்தில் "முன் அனுபவம்" என்ற இடத்தில் பத்து ஆண்டுகள் என்று எழுதி, அவருடைய பதிவு இலக்கத்தையும் குறித்தேன். நேர்முகத் தேர்வில் இருந்த பெரியவர் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே "இல்லை" என்று எழுதினார். கோபத்தோடு செய்யவில்லை. எழுத்துப்பிழை திருத்துவதுபோல, நிமிர்ந்தும் பாராமல் செய்தார்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். படித்து முடித்தும் விட்டேன். வருடல், பிசைதல் என்று முதல் வாரத்தில் அவர்கள் கற்பித்தவை எனக்குப் புதியவை அல்ல. ஆனால் தசைகளின் பெயர்களும், நரம்புகள் செல்லும் வழியும், எதையும் எழுதிவைக்கும் பழக்கமும் அங்கேதான் கிடைத்தன என்பதை மறைக்கமாட்டேன். அந்தச் சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை. அம்மப்பா அப்போது உயிரோடு இருந்தார், என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். "உங்களைப் பற்றிக் கேட்டார்கள்" என்று சொல்லி வைத்தேன்.

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, முன்பே தொழில் தெரிந்தவர்களை வகுப்புக்கு அனுப்பாமல், செய்து காட்டச் சொல்லி மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை ஒன்றை நடத்துகிறது. எங்களைப் போன்றவர்கள் முதலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், தங்கள் தொழிலுக்கு அந்த வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம். மல்லாவித் தம்பியும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கராயனிலிருந்து ஒரு தாய்

நான் விண்ணப்பித்தவள் அல்ல, என் மகள் விண்ணப்பித்தாள். வதிவிடச் சான்றுக்காகக் கிராம அலுவலரிடம் போனோம். அன்று வெளியே உதவிப்பணம் எடுக்க வந்த சனம் நிறைந்திருந்தது. எந்தத் தேவைக்கு என்ற இடத்தில் மகள் எழுதியிருந்ததை அவர் உரத்து வாசித்துவிட்டு, "மசாஜா?" என்று ஒருமுறை கேட்டார். அவ்வளவுதான். கையொப்பம் வைத்து முத்திரையும் குத்தித் தந்தார். பின்னால் இருந்த பேச்சு அந்த ஒரு சொல்லில் நின்றுபோனது. ஸ்பா என்ற பெயரில் எங்கெங்கோ நடப்பவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்த சனம், என் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வரும்வரை மகள் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சான்றை அவள் அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் போய்த் தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்து வார்த்துவிட்ட என் மாமியாரை இதே ஊர் கைகூப்பிக் கூப்பிட்டது. அதையே அவருடைய பேத்தி சான்றிதழோடு செய்ய விரும்பினால் ஏன் தலைகுனிய வேண்டும் என்று அன்று நான் அந்த வாசலில் கேட்டிருக்க வேண்டும். நானும் பேசாமல் நின்றேன். மல்லாவித் தம்பி, உங்கள் தம்பியின்மேல் கோபப்படாதீர்கள். நெருங்கியவர்களுக்குச் சில இடங்களில் வாய் வருவதில்லை.

மல்லாவியிலிருந்து மீண்டும்

அம்மா, நீங்கள் எழுதியதைத் தம்பிதான் எனக்கு வாசித்துக் காட்டினான். கடைசி வரிகளை இரண்டு தடவை வாசித்தான்.

விசுவமடுவிலிருந்து, முதலில் எழுதியவர்

வவுனியா அண்ணா எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. நேரில் இருந்திருந்தால், 2009 இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருப்பேன். இரண்டு நாட்கள் கழித்து மறுபடி படித்தேன். என்மேல் கைவைத்துப் பழகப்போகும் இன்னொரு மாணவியை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை என்பது உண்மை.

கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். அந்தத் துண்டை நான் படத்தில் பார்த்தது அதுவே முதல் தடவை. சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருந்தது, இத்தனை ஆண்டுகளாக நான் மனத்தில் வைத்திருந்ததைவிட மிகச் சிறியது. எலும்புக்கும் தசைக்கும் இடையில் அசையாமல் இருக்கிறது, எடுப்பதற்காக வெட்டுவதே அதிகக் கெடுதல் என்று மருத்துவர் சொன்னார். மென்மையாக வருடலாம், அந்த இடத்தைச் சுற்றி நான்கு விரலளவுக்கு ஆழமாக அழுத்தக்கூடாது என்று கடிதத்தில் எழுதி, தோளின் படம் ஒன்றையும் வரைந்து, இடத்தை வட்டமிட்டுத் தந்தார். எழுதும்போது, "நோவு இருக்கிறதா?" என்று கேட்டார். மாரியில் இருக்கிறது என்றேன். அதையும் எழுதினார்.

புதிய பிரிவுக்கு இப்போது விண்ணப்பம் ஏற்கிறார்கள். படிவம் பழையதேதான், மூன்றாம் பக்கமும் அப்படியே இருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கொடுத்திருக்கும் கோடு ஒரு சொல் எழுத மட்டுமே போதும் என்பதால், ஓரத்தில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, கடிதத்தையும் வரைபடத்தையும் பின்னால் இணைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பவில்லை. ஞாயிறு இரவுப் பேருந்தில் கொண்டு போகிறேன்.