வீட்டுக்குள் தனியாக அடைபட்டிருந்த நாட்கள்: அனுபவங்களைப் பகிர்வோம்

கணுக்கால் முறிந்து தகடு வைத்தார்கள். ஆறு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றபோது, சரி, கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்றுதான் நினைத்தேன். நான் தனியாக இருப்பவள். வீடு மாடியில். முதல் வாரம் நலம் விசாரிக்க வந்தவர்கள் இரண்டாம் வாரம் வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரவருக்கு வேலை இருக்கிறது.

பத்தாம் நாள் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. விரல் நுனிகள் மரத்து, உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல இருந்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். உடனே இன்னொன்றும் தோன்றியது: யாராவது கதவைத் திறந்து பார்க்க இரண்டு நாளாகும். முதல் நினைப்பை விட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

ஆம்புலன்ஸை அழைத்தேன், அது சரியான முடிவு. காலை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு ரத்தக் கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அதனால் திடீர் மூச்சுத்திணறலை ‘வெறும் பயம்தான்’ என்று நாமே முடிவு கட்டக் கூடாது. எல்லாம் பார்த்துவிட்டு, இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன, இது பீதித் தாக்குதல் என்றார் மருத்துவர். நான் வேக வேகமாக மூச்சு விட்டதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோனதாம். மரத்துப்போனதும் தலை சுற்றியதும் அதனால்தான். இப்படி வரும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும், மூச்சை இழுப்பதை விட விடுவதை நீட்டுங்கள், இதயத் துடிப்பு நிதானமாகும் என்றார்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். “கடைசியாக யாரிடம் வாய்விட்டுப் பேசினீர்கள்?” யோசித்தேன். நான்கு நாளாக யாரிடமும் பேசவில்லை. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று எத்தனையோ பேருக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன், அவ்வளவுதான். தொலைபேசியைக் கையில் எடுப்பேன், ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று வைத்துவிடுவேன். என்னைக் கெடுத்தது அந்த ‘தொந்தரவு’ என்ற சொல்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தனிமை முற்றும்போது மனம் மற்றவர்களின் மௌனத்தை எல்லாம் புறக்கணிப்பாகவே எடுத்துக்கொள்கிறது.

மறுநாள் பழைய தோழி ஒருத்தியிடம் கேட்டேன்: “ஐந்து வாரத்துக்கு மட்டும், தினமும் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் பேசுவாயா?” இதைக் கேட்க எனக்கு அரை நாள் பிடித்தது. அவள் “ம், சரிடி” என்றாள். முதல் நாள் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. அவள் துணி மடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று விடியும் வரை தூங்கினேன்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது: அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரை அழைத்துப் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று மக்கள் முன்கூட்டியே பயந்தார்கள். ஆனால் பேசியவர்கள், மின்னஞ்சல் அனுப்பியவர்களை விட நெருக்கமாக உணர்ந்தார்கள். அஞ்சிய அளவுக்குச் சங்கடமும் இல்லை.

* * *

அக்கா எழுதிய அந்த இரவு மூன்று மணி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். எனக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. தொற்று வந்துவிடக் கூடாது என்று மூன்று மாதம் யாரையும் அருகில் விடவில்லை. எனக்குக் காலை நேரம்தான் கொடுமை. கண் திறந்ததுமே ஏதோ கெட்ட செய்தி வரப்போவது போல வயிறு கலங்கும். விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு இயல்பாகவே ஏறும் என்று ஆலோசகர் விளக்கிய பிறகு, அந்தக் கலக்கத்தை நம்பி எந்த முடிவும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எழுந்ததும் ஜன்னலை ஒட்டி உட்காரவும் சொன்னார். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் தரும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், உடலின் கடிகாரம் அதைப் பார்த்துத்தான் சரியாகும். அப்படி உட்கார்ந்தபோது எதிர்ப்புற ஜன்னலில் ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். மூன்றாம் நாள் கையசைத்தார். அதன் பிறகு தினமும். பெயர்கூடத் தெரியாது. ஒருநாள் அவர் வரவில்லை, எனக்கு அன்று முழுவதும் அவரைப் பற்றிய கவலைதான். மறுநாள் அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். என் நோயை மறந்திருந்த முதல் நாள் அது.

* * *

நான் மறுமுனையில் இருந்தவன். என் நண்பன் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தான். கேட்கும்போதெல்லாம் “நல்லாத்தான் இருக்கேன்” என்பான், நானும் நம்பினேன். ஒருநாள் குரல் சரியில்லை. தயங்கித் தயங்கி நேராகவே கேட்டுவிட்டேன்: “செத்துப்போகலாம்னு தோணுதாடா?” நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு அழுதான்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படி ஆகாது, கேட்பதே பாரத்தை இறக்கும் என்று மனநல மருத்துவர் பிறகு சொன்னார். அன்று நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. இன்னொரு நண்பன் அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை பேசிக்கொண்டே இருந்தேன். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் அவனைத் தனியாக விடவில்லை. இப்போது வேலைக்குப் போகிறான். யாராவது அந்த எண்ணத்தோடு இதைப் படித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இப்போதே ஒருவரை எழுப்புங்கள்.

முதலில் எழுதிய சகோதரி, கால் எப்படி இருக்கிறது?

* * *

ஊன்றி நடக்கிறேன், படியும் இறங்குகிறேன். ஐந்து வாரம் முடிந்த அன்று, இனி உன்னைத் தொல்லை செய்ய மாட்டேன் என்று தோழியிடம் சொன்னேன். “அப்போ ஏழு மணிக்கு நான் யாரோடு பேசுவது?” என்று கேட்டாள்.