வார்ஃபரின் எடுப்பவர் டாங்குவை சூப் குடிக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கை கால் எப்போதும் சில்லென்று இருக்கிறது என்று பக்கத்து வீட்டுச் சீன அக்கா டாங்குவை வேரும் சிவப்புப் பேரீச்சையும் போட்டுக் கோழி சூப் வைத்துக் கொடுத்தார், டான்ஷென் வேரும் ஒரு பொட்டலம் தந்திருக்கிறார். அம்மா இதயத் துடிப்புச் சிக்கலுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

பதில் 1: தயவுசெய்து நிறுத்துங்கள்! டான்ஷென் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி ரத்தக்கசிவு வரை போகலாம். டாங்குவையும் அப்படித்தான். ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, கறுப்பு மலம், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே குடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள். வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பதில் 2: சீன மருத்துவத்திலேயே இவை எல்லாம் ஒன்றல்ல. டான்ஷென், குசும்பாப் பூ இரண்டும் தேங்கிய ரத்தத்தை ஓட வைப்பவை, அதனாலேயே கர்ப்பிணிகளுக்குக் குசும்பாப் பூ ஆகாது என்பார்கள். டாங்குவை ரத்தத்தை ஊட்டுவது, கூடவே ஓட்டவும் செய்வது. 1830இல் சீன மருத்துவர் வாங் சிங்ரென் பக்கவாதத்துக்கு எழுதிய கஷாயத்தில் டாங்குவையும் குசும்பாப் பூவும் துளித்துளி, பலம் ஊட்டும் ஹுவாங்சி வேர் மட்டும் மலைபோல. உந்த பலமில்லாவிட்டால் ரத்தம் எப்படி ஓடும் என்பது அவர் கணக்கு. ஆளைப் பார்த்து, நாடி பார்த்துக் கொடுப்பது அது, பொட்டலம் மாற்றிக்கொள்வதல்ல.

கேள்வி கேட்டவர்: நன்றி. நேற்று அரைக் கிண்ணம் குடித்துவிட்டார். காலையிலேயே கிளினிக்குக்கு அழைக்கிறேன், பொட்டலத்தையும் எடுத்துப் போகிறேன்.